சுண்டுவிரல் இல்லாத சப்பர்

காலை ஆறு நாற்பது. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நான் முதலில் பார்த்தது, மழையில் நின்று ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் புகைத்துக்கொண்டிருந்த இரண்டு காவலர்களை. இரண்டடி தள்ளிக் கூரை இருந்தது. கூரைக்குக் கீழே புகைபிடிக்கக் கூடாது என்று பலகையும் இருந்தது. பலகைக்குக் கட்டுப்பட்டு நனைந்துகொண்டிருந்தார்கள்.

நான் வந்தது ஒரு படத்துக்காக. சென்னையில் ஒரு மாலை நாளிதழின் படப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள் நான். இது அந்த அமைச்சர் இல்லை, இது அந்த விபத்து இல்லை, இது போன வருட வெள்ளம் என்று படங்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. இப்போதும் ஒரு படத்தை இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு வந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் பலர் சொந்தக் கேமரா வைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அல்ல, தச்சர், தபால்காரர், பள்ளி ஆசிரியர். வீட்டுக்குக் காட்டுவதற்காக எடுத்தார்கள். அவர்கள் காலமான பிறகு பிள்ளைகள் அந்த ஆல்பங்களை ஊர்க் காப்பகங்களிடம் கொடுத்துவருகிறார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிறு நகரத்தின் காப்பகம் அவற்றை வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறது. அந்த ஆல்பங்களில் ஒன்றில், பின்பக்கம் பென்சிலால் ‘மதராஸ் இந்தியர்கள்’ என்று எழுதிய ஒரு படம் இருந்தது. அங்கே வேலை செய்யும் மதுஷா என்ற பெண், படத்திலிருந்த ஒருவரின் முகத்தையும் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்திருந்த கையையும் மட்டும் வெட்டி எடுத்து, இவரைத் தெரியுமா என்று இணையத்தில் கேட்டிருந்தார். அது பல கைகள் மாறி வேலூரில் இருக்கும் என் தம்பியின் போனுக்கு வந்தது.

“அக்கா, இது அப்பாதான். கண்ணைப் பாரு” என்றான் தம்பி.

“கையைப் பாருடா. சுண்டுவிரல் இல்லாதது வலது கை. அப்பாவுக்கு இல்லாதது இடது கையில.”

“பேப்பர்ல வேலை பார்த்துப் பார்த்து, பெத்த அப்பனையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்ட. நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு.”

அப்பா கோவிந்தசாமி சப்பர் படையில் இருந்தவர். மற்றவர்களுக்கு முன்னால் போய்ப் பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது சப்பர்களின் வேலை. பாலைவனத்தில் முழங்காலில் ஊர்ந்து, துப்பாக்கிக் கத்தியை மணலில் சாய்வாகக் குத்தி, தட்டுப்பட்டால் விரலால் மணலை விலக்கி வெடியை எடுத்திருக்கிறார். வெடியைப் பற்றவைக்கும், சிகரெட்டைவிடச் சின்னதான ஒரு திரிக்குழாய் வெடித்து இடது சுண்டுவிரலில் இரண்டு கணு போனது. விரல் ஆறியதும் மறுபடி அதே வேலைக்குப் போனார். பிறகு பிடிபட்டு, இத்தாலியில் ஒரு முகாமில் இருந்து, போர் முடிந்து வந்து, ரயில்வே பட்டறையில் சேர்ந்தார். போரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த விரல் மட்டும்தான். ஒரு படம்கூடக் கிடையாது.

ரயிலில் உப்புக்கல் ஒட்டிய பிரெட்செல் ரொட்டி ஒன்றை மென்றுகொண்டு, சரியான ரயிலில்தான் இருக்கிறோம் என்ற நிம்மதியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிலையத்தில் ரயில் ஏழெட்டு நிமிடம் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் டிக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து மெல்லப் பிரித்துக் காட்டினார். புரிவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ரயில் அங்கே இரண்டாகப் பிரிகிறதாம். முன்பாதி நான் போகவேண்டிய ஊருக்கு, பின்பாதி வேறு பள்ளத்தாக்குக்கு. அரக்கோணம் வண்டி எவ்வளவு தாமதமானாலும் முழுதாகப் போய்ச் சேரும்.

ஒரு மணி நேரம் தள்ளிப் போய்ச் சேர்ந்தபோது மதுஷா நடைமேடையில் நின்றிருந்தார். வயது முப்பதுக்குள். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணம்.

“ஐயோ அன்ரி, பின்பெட்டியில ஏறிட்டீங்களே! முன்னுக்கு ஏறுங்கோ எண்டு நான் சொல்லியிருக்கோணும். இஞ்ச பிறந்த நானே ரெண்டு தரம் அப்பிடிப் போயிருக்கிறன்.”

என் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். அன்று மாலை அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு மாடி அறையில் தூங்கிப்போனேன்.

மறுநாள் காப்பகம். முன்பு தானியக் கிடங்காக இருந்த கட்டடம்; மரத்தூண்களில் மூட்டை இழுத்த கயிற்றின் தடம் இன்னும் இருக்கிறது. தலைவர் லாங்கெ அம்மையார் கையில் வெள்ளைப் பருத்தி உறையோடு வந்தார். கைகுலுக்குவதற்காக ஒன்றைக் கழற்றினார், குலுக்கிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆல்பங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒட்டகம் இருந்தது. டாங்கியின் மேல்தகட்டில் முட்டை பொரிக்கும் படமும் இருந்தது. எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், சிரிப்பு மட்டும் ஒன்று. மற்றபடி, இவர்கள் எடுத்தது சண்டையை இல்லை. துணி துவைப்பதை, பல் விளக்குவதை, மணலில் புதைந்த லாரியைத் தள்ளுவதை. செய்திப் படக்காரன் இதையெல்லாம் எடுக்க மாட்டான். எடுத்திருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன்.

பிறகு அந்தப் படம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு பேர் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து தகரத் தட்டுகளிலிருந்து சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் ஒரு காவலாளியின் பூட்ஸ். மூன்று பேர் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். பிடிபட்டவனின் பார்வை இல்லை அது. சாப்பிடும்போது யாரோ வீட்டுக் கதவைத் தட்டினால் நிமிர்ந்து பார்ப்பதுபோல, என்ன வேண்டும் என்று கேட்கும் பார்வை. அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். பிறகு பூதக்கண்ணாடியைத் தட்டு பிடித்த கைக்கு நகர்த்தினேன். கட்டைவிரல் இருந்த பக்கத்தை வைத்துப் பார்த்தால் வலது கைதான். சுண்டுவிரல் பாதியில் நின்றது.

என் கைப்பையில் அப்பாவின் ஸ்டுடியோ படம் இருந்தது. கைக்குழந்தையான என்னை இடது கையில் ஏந்தியிருக்கிறார். அதில் விரல் இல்லாதது நன்றாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

“இவர் என் அப்பா இல்லை” என்றேன்.

மதுஷா அதை ஜெர்மனில் சொல்லத் தயங்கினார். “அன்ரி, முகம் அப்பிடியே இருக்கு.”

“முகம் போதாதும்மா. சொல்லு.”

லாங்கெ அம்மையார் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். “அப்படியானால் ‘பெயர் தெரியாத இந்தியக் கைதிகள்’ என்றே இருக்கட்டும். அட்டைகள் நாளை மாலை அச்சுக்குப் போகின்றன. வெள்ளிக்கிழமை திறப்பு” என்றார். மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று அவர் முயன்றது தெரிந்தது. வெளியே வந்ததும் தம்பிக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன். ‘இல்லை’ என்று எழுதினேன். அனுப்பாமல் போனைப் பையில் போட்டேன்.

மாலையில் மதுஷாவின் அப்பா சிவநேசன் வேலை முடிந்து வந்தார். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். இப்போது கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை. எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர்.

“வாங்கோ அக்கா, இருங்கோ. பிட்டும் மீன்குழம்பும் இருக்கு. சென்னையில பிட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும் போட்டுத் தின்னுறவை எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?”

“சில வீடுகளில்” என்றேன்.

“பாவங்கள்.”

அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தார். பிட்டு அவித்தது சிவநேசன்தான். மூவரும் உட்கார்ந்தோம். நானும் அவரும் கையைக் கழுவிக்கொண்டு பிசைய ஆரம்பித்தோம். மதுஷா முள்கரண்டியும் கத்தியுமாக உட்கார்ந்தார். பிட்டைக் கத்தியால் ஒதுக்கி, முள்கரண்டியில் ஏற்றி, மீன்துண்டை அதன் மேல் வைத்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனார். சிவநேசன் என்னிடம் முறையிட்டார்.

“பாருங்கோ அக்கா இவவை. யூனிவர்சிட்டி எல்லாம் படிச்ச பிள்ளை. பிட்டை இடக்கையால சாப்பிடுறா.”

“அப்பா, முள்ளுக்கரண்டி இடக்கையிலதான் பிடிக்கிறது. கிண்டர்கார்டன்ல இருந்து அப்பிடித்தான் பழக்கினவை. இஞ்ச ஆரும் அதைப் பிழையெண்டு பாக்கிறேல்லை.”

“உன்ர அம்மம்மா கண்டிருந்தா தட்டைப் பறிச்சிருப்பா.”

நான் பிசைவதை நிறுத்தினேன்.

“மதுஷா, அந்தப் படத்தில் மற்ற மூன்று பேரும் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள்?”

“ஏன் அன்ரி?”

“பார்க்க முடியுமா?”

அவர் மடிக்கணினியை எடுத்து வந்து, குழம்புச் சட்டியைத் தள்ளிவைத்துத் திறந்தார். முழுப்படமும் பெரிதாக வந்தது. முதல் ஆளின் வலது கையில் தட்டு, இடது கை வாய்க்குப் போகிறது. இரண்டாவது ஆள் இடது கையால் பிசைகிறார். மூன்றாவது ஆளின் இடது கை விரல்களில் சோறு ஒட்டியிருக்கிறது. நான்காவது, நிமிர்ந்து பார்ப்பவர். அவரும் அப்படியே.

சிவநேசன் எட்டிப் பார்த்தார். “என்ன இது? நாலு பேரும் இடக்கையால தின்னுறாங்கள்!”

“ஓம்” என்றார் மதுஷா, மெதுவாக. “எத்தினை மாசமா இந்தப் படத்தோட இருக்கிறன்.”

ஒருவர் இடதுகைக்காரராக இருக்கலாம். இடதுகைக்காரரும் சோற்றை வலது கையால்தான் தின்னப் பழகியிருப்பார் அந்தக் காலத்தில். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து பீச்சாங்கையால் சோறு தின்ன வாய்ப்பே இல்லை. இதை லாங்கெ அம்மையார் பார்க்காததில் தப்பில்லை. அவருக்கு அது மரியாதையான கை. நான் பார்க்காதது வேறு காரணத்தால். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் ஒரு கையையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“சட்டைப் பொத்தானைப் பெரிதாக்கு” என்றேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்க மடிப்பு மேலே வரும். இதில் வலப்பக்கம் மேலே இருந்தது. படம் திருப்பி அச்சடிக்கப்பட்டிருக்கிறது. இருட்டறையில் நெகட்டிவை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் இப்படித்தான் வரும். கைதேர்ந்தவர்களே போடுவார்கள், ஒரு சிப்பாய் போட்டது பெரிய விஷயமில்லை. படத்தில் எழுத்து ஏதும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

மதுஷா ஒரு விசையைத் தட்டினார். படம் திரும்பியது.

நான்கு பேரும் வலது கையால் சாப்பிட்டார்கள். தட்டைப் பிடித்திருந்த கை இடது கையானது. தலை வகிடு இடப்பக்கம் வந்தது. முகம்கூடக் கொஞ்சம் மாறியது. இதுவரை அப்பாவைப் போலிருந்த முகம் அப்பாவாக ஆனது.

“அக்கா, தண்ணி குடியுங்கோ” என்றார் சிவநேசன். நான் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

“குடிக்கிறேன்” என்றேன். “மதுஷா, முதலில் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று காப்பகத்தில் கேளு.”

மூன்றாம் நாள் காலையில் லாங்கெ அம்மையாரை மதுஷா தொலைபேசியில் பிடித்தார். அந்தப் பக்கம் ஆல்பம் புரளும் சத்தம். பிறகு, “நான் இப்போது படத்தை எதிரில் வைத்துக்கொண்டு என் சட்டையையும் பார்க்கிறேன்” என்றாராம். நெகட்டிவைப் பார்த்துவிட்டால் அட்டையை மாற்றுகிறேன், ஆனால் மாலைக்குள் சொல்ல வேண்டும் என்றார். ஆல்பத்தைக் கொடுத்தவர் பிரென்னர் என்ற முதியவர். பள்ளத்தாக்கின் மேல்பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். முன்கூட்டி நேரம் வாங்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாத நாடு இது.

“தேர்மின் இல்லாமல் இஞ்ச செத்த வீட்டுக்குக்கூடப் போகேலாது” என்றார் சிவநேசன். ஆனால் பிரென்னர் மதியம் வரச் சொல்லிவிட்டார். சிவநேசன் ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பிரென்னருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பிளம் பழக் கேக்கும் காப்பியும் வைத்திருந்தார். சொன்ன நேரத்துக்கு நாங்கள் நான்கு நிமிடம் முன்னதாகப் போனதற்கு அவர் கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்தேன். மதுஷா மொழிபெயர்த்தார்.

“உங்கள் அப்பா என் அப்பாவின் கைதியா?” என்று கேட்டார் பிரென்னர்.

“அப்படித்தான் தெரிகிறது.”

“மோசமாக நடத்தினாரா?”

“அப்பா சொன்னதில்லை. படத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.”

அவர் என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார். மறுக்கத் தோன்றவில்லை.

நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின்னில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் அப்பா தச்சராம். வீட்டுக் கழிவறையை இருட்டாக்கி அவரே அச்சடிப்பாராம். யாரும் கதவைத் தட்டக் கூடாது. போரைப் பற்றி அவரும் பேசியதில்லை. “இத்தனை படத்தில் அவர் ஒன்றில்கூட இல்லை. கேமரா அவர் கையில்தானே இருந்தது” என்றார் பிரென்னர்.

ஒவ்வொரு சுருளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒட்டகம். லாரி. முட்டை. மதுஷாதான் முதலில் கண்டார். பிலிமின் ஓரத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். அவை நேராகப் படிக்கும்படி பிடித்தால் படமும் சரியான பக்கத்தில் இருக்கும். பிடித்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்த அந்தச் சின்னச் சதுரத்தில் நான்கு பேரும் வலது கையால் சாப்பிட்டார்கள்.

பிரென்னர் கையை நீட்டினார். நான் நெகட்டிவைக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுக்கப்போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பக்கத்துச் சதுரத்தைப் பாருங்கோ அன்ரி” என்றார் மதுஷா.

அதே இடம், அதே மணல். இந்தப் படம் ஆல்பத்தில் இல்லை; ஏன் அச்சடிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நடுவில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய் சம்மணமிட முடியாமல் காலை ஒருபக்கம் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் தகரத் தட்டு. வலது கையின் ஐந்து விரலையும் உள்ளே விட்டுத் தின்கிறார். இரண்டு பக்கமும் இந்தியர்கள். ஒருவர் அவர் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பிரென்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார். “என் அப்பா” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதை மதுஷா மொழிபெயர்க்கவில்லை.

சிவநேசன் என்னிடம் மெல்லக் கேட்டார். “அக்கா, இதில மூண்டு பேர்தானே இருக்கினம். உங்கட அப்பா எங்க?”

அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தட்டு மட்டும் மணலில் இருந்தது. படத்தின் ஒரு மூலை மங்கலாக இருந்தது. லென்ஸில் ஈரவிரல் பட்டால் அப்படி வரும்.

திரும்பும் வழியில் காரிலிருந்தே தம்பியிடம் பேசினேன்.

“அப்பாதான்” என்றேன்.

“அதைத்தானே நான் வேலூர்ல உட்கார்ந்துக்கிட்டே சொன்னேன். நீ ஏன் ஜெர்மனி வரைக்கும் போன?”

அவன் அழுவது கேட்டது. வாதத்தில் ஜெயிக்கும்போதெல்லாம் அவன் சத்தமாகச் சிரிப்பவன்.

மாலையில் லாங்கெ அம்மையார் இரண்டு அட்டைகளை எங்கள் எதிரிலேயே திருத்தினார். முதல் அட்டையில் தயக்கம் இல்லை. இரண்டாவதில் நின்றார். முதல் படத்தில் பூட்ஸ் தெரிகிற காவலாளி இதை எடுத்திருக்கலாம் அல்லவா என்றார். எடுத்திருக்கலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். மதுஷாவுக்குக் கோபம். “அன்ரி, நீங்களே விட்டுக் குடுக்கிறீங்களே!” நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிறைய வந்தது. சிவநேசன் கோட் போட்டு வந்து, என்னை எல்லோரிடமும் “எங்கட வீட்டு ஆள்” என்று அறிமுகப்படுத்தினார். மேயர் பேசும்போது ‘கோவிந்தசாமி’ என்பதை நான்காகப் பிரித்துச் சொன்னார். ஒரு பகுதியையும் விடவில்லை. பிரென்னர் பேரப்பிள்ளைகளோடு வந்து இரண்டு படங்களுக்கும் நடுவில் நெடுநேரம் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். முதல் படம் சரியான பக்கத்தில், பெரிதாக, என் கண் உயரத்தில் தொங்கியது. அப்பா தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து என்ன வேண்டும் என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அவர் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டே போனார்கள்.

இரண்டாவது படத்தின் அட்டையில் இப்படி எழுதியிருந்தது: ‘தச்சர் பிரென்னர், மூன்று இந்தியக் கைதிகளுடன். படம் எடுத்தவர்: அநேகமாக, சப்பர் கோவிந்தசாமி.’